இரவில் தாழும் கார்

மாலையில் நான்கு சக்கரங்களின் மீதும் சமமாக நிறுத்தப்பட்ட கார், மறுநாள் காலையில் ஒரு மூலையில் மட்டும் தரையை நோக்கித் தாழ்ந்து நிற்பதே, காற்று சஸ்பென்ஷன் பொருத்தப்பட்ட வாகனங்களில் பெரும்பாலும் முதலில் வெளிப்படும் நோய்க்குறியாகும். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரத்தில் அது தானாகவே எழுந்து நின்றுவிடுவதால், உரிமையாளர்கள் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. சில மாதங்கள் கழித்து வண்டி எழ மறுக்கும் நாளில், கம்ப்ரசர் எரிந்துவிட்டது என்று பணிமனையில் சொல்லப்படுகிறது. பெருந்தொகை செலவிட்டுப் புதிய கம்ப்ரசர் பொருத்தப்படுகிறது. அதுவும் நெடுநாள் தாங்காமல் எரிந்துபோகிறது. இந்தச் செலவுச் சங்கிலியின் முதல் கண்ணி, ரப்பர் மடிப்பிலோ குழாய் மூட்டிலோ இருக்கும் ஊசிமுனையளவு கசிவாகவே பெரும்பாலும் இருக்கிறது. அந்தக் கசிவை ஓர் அளவு நாடாவும் சோப்பு நீரும் பொறுமையும் இருந்தால் வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்க முடியும் என்பதால், அதற்கான வழியையும் அதன் பின்னுள்ள காரணங்களையும் வாகன உரிமையாளர் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நல்லது.

வாகனத்தின் உடற்பகுதிக்கும் சக்கரங்களுக்கும் இடையே நின்று, சாலையின் மேடுபள்ளங்களைத் தான் வாங்கிக்கொண்டு, உள்ளே இருப்போருக்கு அதிர்வைக் குறைத்துத் தரும் ஏற்பாடே சஸ்பென்ஷன் எனப்படுகிறது. அதன் பழைய வடிவங்களுள் ஒன்று எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த பட்டை வில். தமிழ்நாட்டில் வசதி படைத்தோர் வீடுகளில் ஒருகாலத்தில் இருந்த வில்வண்டிக்கு அப்பெயரைத் தந்ததும் அதுவே. இன்றைய கார்களில் பெரும்பாலானவை சுருள் வில்லின் மீது நிற்கின்றன. காற்று சஸ்பென்ஷனில் எஃகு வில்லின் இடத்தை, நூலிழை வலுவூட்டப்பட்ட ரப்பர் உறைக்குள் அடைக்கப்பட்ட காற்று எடுத்துக்கொள்கிறது. இந்தக் காற்று வில்லை மெக்கானிக்குகள் ‘பெல்லோ’ என்றோ ‘ஏர் பேக்’ என்றோ சொல்வார்கள். மோதலின்போது ஸ்டீயரிங்கிலிருந்து விரியும் பாதுகாப்புப் பைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதால், குழப்பத்தைத் தவிர்க்க இங்கே பெல்லோ என்ற சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

அடைபட்ட காற்று ஒரு காரை எப்படித் தாங்குகிறது என்பதை ஒரு கணக்கு எளிதில் விளக்கும். ஒரு சக்கரத்தின் மீது 500 கிலோ எடை இறங்குவதாகவும், அந்த எடையைத் தாங்கும் பெல்லோவின் பரப்பு 80 சதுர சென்டிமீட்டர் என்றும் கொண்டால், உள்ளே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஆறு கிலோவுக்குச் சற்று மிகுதியான அழுத்தம், அதாவது ஏறத்தாழ 6 பார் அழுத்தம் இருக்க வேண்டும். கார் டயரில் இருப்பது சுமார் 2.2 பார் என்பதை நினைத்தால், டயரைப்போல் மும்மடங்கு அழுத்தத்தை ஒரு மெல்லிய ரப்பர் மடிப்பு பத்தாண்டுகள் வரை, ஒவ்வொரு குழியிலும் மடிந்து விரிந்துகொண்டே தாங்கி நிற்கிறது என்பது புரியும். அது ஒருநாள் கசியத் தொடங்குவதில் வியப்பில்லை. அத்தனை காலம் கசியாமல் இருப்பதே வியப்புக்குரியது.

இவ்வளவு சிக்கலுக்கு ஈடாகக் கிடைக்கும் நன்மையும் பெரிதே. எஃகு வில்லின் விறைப்பு மாறாதது; ஆகவே ஒருவர் மட்டும் செல்லும்போது கடினமாகவும், ஐவரும் பெட்டிகளும் ஏறியதும் பின்புறம் அமிழ்ந்தும் கார் செல்கிறது. காற்று வில்லிலோ சுமை கூடும்போது மேலும் காற்று நிரப்பப்பட்டு வண்டி பழைய உயரத்துக்கே வருகிறது. அழுத்தம் கூடும் அளவுக்கு வில்லின் விறைப்பும் கூடுவதால், வெற்று வண்டியும் நிறைந்த வண்டியும் நொடிக்கு ஏறத்தாழ ஒரு முறை என்ற அதே மென்மையான கதியில் அசைகின்றன. இதற்காகவே பேருந்து உற்பத்தியாளர்கள் இதை முதலில் நாடினர். ஜெனரல் மோட்டார்ஸ் 1953இல் தன் பேருந்துகளில் இதைக் கொண்டுவந்தது. 1957இல் அதே நிறுவனத்தின் காடிலாக் எல்டொராடோ புரோகம் என்ற விலையுயர்ந்த கார் நான்கு சக்கரங்களிலும் காற்று வில்லுடன் வெளிவந்தது. ஆனால் ஓயாத கசிவைத் தாங்க முடியாமல் அதன் உரிமையாளர்கள் பலர் சுருள் வில்லுக்கே திரும்பினர். கணினிக் கட்டுப்பாடு வந்த பிறகே, 1984ஆம் ஆண்டு மாடலான லிங்கன் கான்டினென்டல் மார்க் 7, பின்னர் ரேஞ்ச் ரோவர், 1998இல் வெளிவந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் எனக் கார்களில் இது நிலைபெற்றது. இத்தகைய கார்கள் பழையனவாகி விலை இறங்கிக் கைமாறும்போது, அவற்றை வாங்குபவருக்குக் காரோடு சேர்ந்து வயதான ரப்பரும் வந்து சேர்கிறது.

அமைப்பின் உறுப்புகள் சிலவே. மின்மோட்டாரால் இயங்கும் சிறிய கம்ப்ரசர் ஒன்று வெளிக்காற்றை வடிகட்டி வழியே உறிஞ்சி அழுத்துகிறது. அந்தக் காற்று டிரையர் எனப்படும் ஈரம் உறிஞ்சும் குடுவையைக் கடந்து வால்வு பிளாக்கை அடைகிறது. அங்கே ஒவ்வொரு பெல்லோவுக்கும் ஒன்றாக மின்காந்தத்தால் திறக்கும் வால்வுகள் உள்ளன. அவற்றிலிருந்து பேனா ரீஃபிலைவிடச் சற்றே பருத்த நைலான் குழாய்கள் நான்கு மூலைகளுக்கும் செல்கின்றன. ஒவ்வொரு மூலையிலும் சக்கரத்தைத் தாங்கும் கையோடு ஒரு சிறு தண்டால் இணைக்கப்பட்ட உயர சென்சார், வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைக் கணினிக்குச் சொல்கிறது. சில வண்டிகளில் அழுத்தக் காற்றைச் சேமித்து வைக்கும் தொட்டி ஒன்றும் இருக்கும்.

இவற்றுள் அதிகம் பேசப்படாததும், அதே வேளையில் மொத்த அமைப்பின் ஆயுளையும் தீர்மானிப்பதும் டிரையர்தான். 30 டிகிரி வெப்பத்தில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் நீர் ஆவியாகக் கலந்திருக்கும். அந்தக் காற்றை எட்டில் ஒரு பங்கு இடத்துக்குள் அழுத்தி, அதே வெப்பநிலைக்கு ஆறவிட்டால், அதிலுள்ள நீரில் எட்டில் ஏழு பங்கு துளிகளாகப் பிரிந்துவிடும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் காற்றை நாள்தோறும் உறிஞ்சும் கம்ப்ரசருக்கு இது சிறிய சுமையன்று. டிரையரில் உள்ள மணிகள், புதிய செருப்புப் பெட்டியிலும் மாத்திரைப் புட்டியிலும் வரும் சிறு பொட்டலத்தில் இருப்பவற்றைப் போன்றவை; அந்த நீரை அவை உறிஞ்சிக்கொள்கின்றன. ஆனால் அவை நிறைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வடிவமைத்தவர்கள் அழகான விடை ஒன்றைக் கண்டனர். வண்டியைத் தாழ்த்தும்போது பெல்லோவிலிருந்து வெளியேறும் உலர்ந்த காற்று, அதே டிரையரின் வழியே எதிர்த்திசையில் சென்று, மணிகளிலுள்ள ஈரத்தைத் தன்னோடு அள்ளிக்கொண்டு வெளியே போகிறது. வண்டியை நிறுத்தி ஆட்கள் இறங்கியதும் சில கார்களின் அடியில் கேட்கும் ‘ஸ்ஸ்’ என்ற ஓசை பெரும்பாலும் இந்தச் சுத்திகரிப்பின் ஓசையே, அது கோளாறன்று.

கசிவு ஏற்பட்ட வண்டியில் இந்தச் சுழற்சி முறிந்துபோகிறது. காற்று டிரையரின் வழியே திரும்பாமல் ரப்பர் வெடிப்பின் வழியே வெளியேறிவிடுகிறது. இழந்ததை ஈடுகட்டக் கம்ப்ரசர் மீண்டும் மீண்டும் ஈரக்காற்றையே உள்ளே இழுக்கிறது. மணிகள் நனைந்து, ஒட்டி, பொடிந்து, அந்தப் பொடி வால்வுகளின் இருக்கையில் படிந்து, அங்கும் கசிவை உண்டாக்குகிறது. சில நிமிடங்கள் ஓடி ஓய்வதற்கென்று செய்யப்பட்ட கம்ப்ரசர் ஓயாமல் ஓடி, பிஸ்டன் வளையம் தேய்ந்து, மோட்டார் சூடேறி எரிகிறது. கம்ப்ரசரைக் குற்றவாளியாகக் கொண்டு அதை மட்டும் மாற்றுவது எத்தனை வீண் என்பது இதிலிருந்து விளங்கும்.

வீட்டில் ஆராயத் தொடங்குமுன், எந்தப் பக்கம் கோளாறு என்பதைப் பிரித்தறிய ஒரே ஓர் உண்மை போதும். வால்வு பிளாக்கில் உள்ள வால்வுகள் மின்சாரம் இல்லாதபோது மூடிய நிலையிலேயே இருக்கும். ஆகவே வண்டி அணைக்கப்பட்டிருக்கையில் கம்ப்ரசரோ டிரையரோ அவற்றிலிருந்து வரும் குழாயோ எவ்வளவு பழுதடைந்திருந்தாலும் நிற்கும் வண்டி தாழாது. இரவெல்லாம் உயரம் குறையாமல் நின்று, காலையில் கூடுதல் சுமைக்கோ உயர்த்தும் பொத்தானுக்கோ அசையாத வண்டியில் கோளாறு காற்றை உண்டாக்கும் பக்கத்தில் உள்ளது. இரவில் தாழ்ந்து, காலையில் எழுந்துவிடும் வண்டியில் காற்றைத் தேக்கும் பக்கத்தில், அதாவது பெல்லோ, அதன் குழாய், அதற்குரிய வால்வு ஆகிய மூன்றில் ஒன்றில் கோளாறு உள்ளது. இரவில் தாழ்ந்து காலையிலும் எழாத வண்டியில் கசிவு என்ற முதல் நோயை நெடுநாள் கவனிக்காமல் விட்டதால் இரண்டாவது நோயும் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

அடுத்த படி அளத்தல். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடு மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே மட்கார்டு வளைவின் விளிம்பு வரை உள்ள தூரத்தை நாடாவால் அளந்து, நான்கு எண்களையும் நேரத்தையும் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். தரையிலிருந்து அளப்பதைவிடச் சக்கர மையத்திலிருந்து அளப்பதே சிறந்தது. அப்போதுதான் டயரில் காற்று குறைந்திருந்தாலும் கணக்குப் பிறழாது. மறுநாள் காலையில் கதவைத் திறக்குமுன், சாவியையும் வண்டிக்கு அருகில் கொண்டுவராமல், மீண்டும் அளக்க வேண்டும். கதவு திறந்ததுமே கணினி விழித்துச் சமன் செய்யத் தொடங்கும் வண்டிகள் உண்டு.

இங்கே இரண்டு செய்திகள் அளப்பவரை ஏமாற்றக்கூடும். ஒன்று வெப்பநிலை. பகலில் ஓடி 40 டிகிரியில் இருந்த பெல்லோக் காற்று விடியற்காலையில் 25 டிகிரிக்குக் குளிரும்போது, அதன் கன அளவு இருபதில் ஒரு பங்கு சுருங்குகிறது. பெல்லோவுக்குள் 20 சென்டிமீட்டர் உயரக் காற்றுத் தூண் இருப்பதாகக் கொண்டால், ஒரு துளி காற்றும் கசியாமலேயே வண்டி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இறங்கும். நான்கு மூலைகளும் ஒரே அளவாகச் சிறிது தாழ்ந்திருந்தால் இதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. மற்றொன்று இன்னும் நுட்பமானது. ரேஞ்ச் ரோவர் போன்ற சில வண்டிகளில், நிறுத்திய பின்பும் கணினி அவ்வப்போது விழித்தெழுந்து, தாழ்ந்துபோன மூலைக்கு ஈடாக மற்ற மூன்றையும் இறக்கிச் சமன் செய்துவிடுகிறது. காலையில் நான்கும் ஒருசேரத் தாழ்ந்து நிற்க, கசிந்தது எது என்பது மறைந்துபோகிறது. இத்தகைய வண்டியில் அளவெடுத்த பிறகு சஸ்பென்ஷன் கணினிக்குரிய ஃபியூஸை அன்றிரவு மட்டும் கழற்றி வைத்தால், சமன் செய்யும் வேலை நின்று, குற்றவாளி மூலை மட்டும் தனியே தாழ்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். எந்த ஃபியூஸ் என்பதை வண்டியின் கையேட்டிலோ ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்திலோ காணலாம்.

மூலை தெரிந்த பிறகு இடத்தைத் தேட வேண்டும். அதற்கு வண்டியின் ஓரத்தில் கை நுழைக்க வேண்டியிருப்பதால், எந்த நிலையிலும் விட்டுக்கொடுக்கக் கூடாத ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். காற்றின் மீது நிற்கும் வண்டிக்கு அடியில் உடலின் எந்தப் பகுதியையும் நுழைக்கக் கூடாது. ஒரு வால்வு திறந்தாலோ ஒரு குழாய் பிடுங்கிக்கொண்டாலோ அந்த மூலை ஒரு சாண் உயரம் சட்டென்று இறங்கும். வாகன எடைக்கும் தரைக்கும் இடையில் அகப்பட்ட கைக்கோ தலைக்கோ தப்பிக்க நேரமிராது. ஜாக்கியும் வண்டியைத் தூக்குவதற்குத்தானே தவிரத் தாங்கி நிறுத்துவதற்கன்று. வண்டியின் சட்டத்தில், கையேடு காட்டும் இடத்தில் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்த பின்னரே கை உள்ளே போக வேண்டும். ஜாக்கி வைக்குமுன் சஸ்பென்ஷனை நிறுத்தி வைக்கும் முறை பல வண்டிகளில் உண்டு. அதை இயக்காவிட்டால், தூக்கப்பட்ட மூலையைத் தாழ்த்தக் கணினி காற்றை வெளியேற்றிவிடும். காற்றில்லாத பெல்லோவின் மீது வண்டியை இறக்குவதும் தவறு. ரப்பர் தாறுமாறாக மடிந்து, நசுங்கி, நல்ல பெல்லோவும் அன்றே கிழிந்துபோகும்.

கசிவைத் தேடும் முறையோ சைக்கிள் கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திப் பஞ்சர் பார்ப்பதிலிருந்து வேறுபட்டதன்று. பெல்லோவைத் தொட்டிக்குக் கொண்டுபோக முடியாது என்பதால் தண்ணீரைப் பெல்லோவுக்குக் கொண்டுபோக வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தையோ ஷாம்பூவையோ நீரில் கெட்டியாகக் கரைத்து, தெளிப்பான் புட்டியில் நிரப்பி, வண்டி தன் இயல்பான உயரத்தில் காற்று நிறைந்து நிற்கும்போது, பெல்லோவின் மேல் மூட்டு, குழாய் நுழையும் இடம், கீழ் மடிப்பு ஆகியவற்றில் தாராளமாகத் தெளிக்க வேண்டும். பெரிய கசிவு உடனே நுரைத்துப் பொங்கும். ஆனால் இரவு முழுவதும் கசிந்தாலும் மூன்று விரல் அளவே வண்டியை இறக்கும் சிறு கசிவு, கடுகளவுக் குமிழிகளைத் தோற்றுவிக்கவே ஒன்றிரண்டு நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும் என்பதால், தெளித்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் பொறுமையாக உற்றுப் பார்த்திருக்க வேண்டும். அவசரக்காரருக்கு இந்தச் சோதனை எதையும் காட்டுவதில்லை.

கார்களில் பரவலாகக் காணப்படும் பெல்லோ, ஒரு குழாயுறையின் கீழ்விளிம்பை உட்புறமாக மடித்து அடியிலுள்ள உருளையின் மீது போர்த்தியது போன்ற அமைப்புடையது. சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த மடிப்பு உருளையின் மீது உருண்டு இடம் மாறும். வண்டி பெரும்பாலும் ஒரே உயரத்தில் ஓடுவதால் ரப்பரின் ஒரே வளையப்பகுதி பல இலட்சம் முறை வளைந்து நிமிர்கிறது. வயதான பெல்லோவில் அந்த இடத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தால், வற்றிய குளத்தின் தரையைப்போல் நுண்ணிய வெடிப்புகள் வலைபின்னியிருப்பதைக் காணலாம். சில இடங்களில் உள்ளிருக்கும் நூலிழைகளும் வெளித்தெரியும். மடிப்புக்குள் சேரும் மணலும் சேறும் அரத்தைப்போல் ரப்பரை உராய்ந்து இந்த முடிவை விரைவுபடுத்துகின்றன. வெடிப்பு மடிப்பின் உச்சியில் இருக்கும்போது மட்டும் வாய் திறந்து கசிவதும், உயரம் மாறியதும் மூடிக்கொள்வதும் உண்டு என்பதால், உயர்ந்த நிலையிலும் தாழ்ந்த நிலையிலும் சோதனையைத் தனித்தனியே செய்ய வேண்டும். முன்சக்கரங்களில் பெல்லோ பெரும்பாலும் அலுமினிய உறைக்குள்ளும் தூசி காப்புறைக்குள்ளும் ஒளிந்திருக்கும். அங்கே குமிழியைக் காண முடியாவிட்டாலும், மற்ற இடங்கள் அனைத்தும் குற்றமற்றவை என்று தெளிந்தால் எஞ்சுவது அதுவே. மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் ஆகியவற்றால் பெல்லோவைத் துடைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ரப்பரை ஊறச் செய்து கெடுக்கும் அந்த வழக்கம் அறவே கூடாது. வெடித்த பெல்லோவுக்குப் பஞ்சர் ஒட்டுவதும் அப்படியே. மடிப்பு உருளும் இடத்தில் எந்தப் பசையும் நிற்காது.

பெல்லோவில் குமிழி இல்லையென்றால் குழாயைப் பார்க்க வேண்டும். குழாயின் நுனி மூட்டுக்குள் நுழையும் இடத்தில் குமிழி தோன்றினால் அது செலவு மிகக் குறைந்த கோளாறு. காற்றை முறையாக வெளியேற்றிய பிறகு குழாயைக் கழற்றி, கீறல் விழுந்த நுனியைக் கூரிய பிளேடால் நேராக ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, புதிய மூட்டில் ஆழமாகச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கத்தரிக்கோலால் நசுக்கி வெட்டிய சாய்ந்த நுனி மறுபடியும் கசியும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி இல்லாமல் இந்த மூட்டைத் தளர்த்தக் கூடாது. குழாயிலும் குற்றமில்லையென்றால் எஞ்சியது வால்வு பிளாக். அதனுள் மூடாத வால்வு ஒன்று காற்றை வெளியேற்றுக் குழாய்க்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம் என்பதால், அக்குழாயின் வாயில் சோப்பு நீரை மெல்லிய படலமாகப் பூசினால் படலம் மெதுவாக உப்பி எழும். சில வண்டிகளில் காற்றை உள்ளே இழுப்பதும் அதே வழியாக இருக்கலாம் என்பதால் குழாயை நீரில் அமிழ்த்துவது ஆபத்து. வால்வு பிளாக்கைத் திறந்து பழுது பார்ப்பது வீட்டு வேலையன்று. அது பணிமனைக்கு உரியது.

வண்டி தாழாமல் நின்று, எழ மட்டும் மறுத்தால் தேடல் மின்சாரத்திலிருந்து தொடங்க வேண்டும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி 12க்குக் கீழே இறங்கியிருந்தால், வண்டியை உயர்த்தும் வேலையைக் கணினி நிறுத்தி வைப்பதுண்டு. கதவு திறந்திருந்தால் எழாத வண்டிகளும் உள்ளன. இவை சரியாக இருந்தால் கம்ப்ரசரின் ஃபியூஸ், அதன் பின் ரிலே. ரிலே என்பது கணினியின் சிறு மின்சாரத்தால் கம்ப்ரசருக்குரிய பெரு மின்சாரத்தைத் திறந்து மூடும் விசைப்பெட்டி. அதன் தொடுமுனைகள் கரிந்தால் கம்ப்ரசர் ஓடாது, உருகி ஒட்டிக்கொண்டால் சாவியை எடுத்த பின்பும் ஓடிக்கொண்டே இருக்கும். பின்னது நேர்ந்தால் உடனே ஃபியூஸைக் கழற்ற வேண்டும்; சில நூறு ரூபாய் ரிலே பல்லாயிரம் ரூபாய் கம்ப்ரசரை எரித்துவிடும் இடம் இதுவே. வண்டியை உயர்த்தும்படி பொத்தானை அழுத்தும்போது கம்ப்ரசரின் செருகியில் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டியும் மோட்டார் ஓடவில்லையென்றால், சூடேறித் தானாக நின்றிருக்கிறதா என்று பார்க்க ஒரு மணி நேரம் ஆறவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். அப்போதும் ஓடாவிட்டால் மோட்டார் போய்விட்டது. மோட்டார் ஓடியும் வண்டி எழவில்லையென்றால், தூசியடைத்த வடிகட்டி, தேய்ந்த பிஸ்டன் வளையம், கம்ப்ரசரிலிருந்து வால்வு பிளாக் வரையிலான குழாய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

காற்றே கசியாமல் வண்டி கோணலாக நிற்பதும் உண்டு. அதற்குப் பெரும்பாலும் உயர சென்சாரே காரணம். அதன் இணைப்புத் தண்டின் பிளாஸ்டிக் குண்டு மூட்டு உடைந்து தொங்கினால், கணினி பொய்யான உயரத்தை நம்பி அந்த மூலையை அளவுக்கு மீறி ஏற்றவோ இறக்கவோ செய்யும். இரவில் மாறாமல், ஓட்டும்போது மட்டும் உயரம் பிசகும் வண்டியில் இதை முதலில் ஐயுற வேண்டும்; சக்கரத்தை ஒருபுறம் திருப்பி டார்ச் அடித்தால் தண்டு கண்ணில் படும். சென்சாரை மாற்றிய பின் சரியான உயரத்தைக் கணினிக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஸ்கேனர் பெரும்பாலும் இயந்திரத்தின் பிழைக்குறிகளை மட்டுமே படிக்கும். சஸ்பென்ஷன் கணினியோடு பேசக்கூடியதா என்று கேட்டே வாங்க வேண்டும். அதிலும், ‘உயர்த்த அதிக நேரம் ஆகிறது’ என்று வரும் பிழைக்குறியைக் கம்ப்ரசர் கெட்டுவிட்டது என்று மொழிபெயர்த்துக்கொள்வது பரவலான தவறு. கசிவு இருந்தாலும் அதே குறிதான் வரும்.

நெடுந்தொலைவு ஆம்னி பேருந்துகளிலும் கனரக லாரிகளிலும் உள்ள காற்று சஸ்பென்ஷன் இதன் மூத்த உறவினர் என்றாலும், அதை வீட்டில் தொடக் கூடாது. அங்கே இயந்திரத்தால் இயங்கும் ஒரே கம்ப்ரசர் பிரேக்குக்கும் சேர்த்தே காற்றைத் தருகிறது. பிரேக் தொட்டிகளில் போதிய அழுத்தம் சேர்ந்த பிறகே சஸ்பென்ஷனுக்குக் காற்றை விடும் காப்பு வால்வும் அதில் உண்டு. ஓட்டுநர் செய்யத்தக்கது, தொட்டிகளில் தேங்கும் நீரைத் தவறாமல் வடித்துவிடுவதும், பெல்லோக்களையும் உயரம் காக்கும் வால்வின் தண்டையும் புறப்படுமுன் ஒருமுறை பார்ப்பதுமே.

தொல்லை தாங்காமல் காற்று வில்லை எடுத்துவிட்டுச் சுருள் வில் போடும் மாற்றுத் தொகுப்புகள் இன்றும் விற்கின்றன. 1957இன் காடிலாக் உரிமையாளர்கள் நாடிய வழியே இது. மிகப் பழைய வண்டிக்கு அது ஏற்புடையதாக இருக்கலாம். ஆனால் முகப்பு விளக்கின் சாய்வும் வண்டியின் நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் சஸ்பென்ஷனோடு பேசிக்கொள்ளும் புதிய கார்களில், ஒரு பெல்லோவின் விலையை மிச்சப்படுத்த அந்தக் காரின் மொத்த நடத்தையையும் மாற்றுவது தகுந்த வைத்தியம் ஆகாது. ஒரு பக்கத்துப் பெல்லோ வயதால் வெடித்திருந்தால் அதே அச்சின் மறுபக்கத்துப் பெல்லோவும் அதே வயதுடையது என்பதால், இரண்டையும் சேர்த்து மாற்றுவதே நீண்டகாலத்தில் சிக்கனம்.

தாழ்ந்த நிலையிலேயே வண்டியை ஓட்டிச் செல்ல நேர்ந்தால், டயர் மட்கார்டில் உரசவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு அருகிலுள்ள பணிமனை வரை மெதுவாகச் செல்லலாம். உரசினால் வண்டியைத் தட்டு லாரியில் ஏற்றியே கொண்டுபோக வேண்டும். கம்ப்ரசர் மாற்ற வேண்டும் என்று சொல்லப்படும் உரிமையாளர், பணம் கொடுக்குமுன் காற்று எங்கே கசிந்தது என்பதைச் சோப்பு நீரில் காட்டும்படி கேட்க வேண்டும். டிரையரும் ரிலேயும் உடன் மாற்றப்படுகின்றனவா என்றும் கேட்க வேண்டும். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் இரவே நான்கு சக்கரங்களையும் நாடாவால் அளந்து எழுதி வைத்து, காலையில் ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால், அந்தத் தாளோடு அன்றே வண்டியைப் பணிமனைக்குத் திருப்பிக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.